வரிக்கு முன்னால் விட்ட வெற்றிடம்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமாட்டி, அம்மான் நகரத்துக்குக் கணினி வந்த காலத்தில் அதன் தூசியைத் துடைத்துத் துணிச்சலோடு தொட்டுப் பார்த்த மூத்த பொறியாளர் ஸமீஹா அம்மையார் அவர்களே! ஆண்டறிக்கையை மூச்சு விடாமல் வாசித்துவிட்டு இப்போதுதான் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் எங்கள் செயலாளர் யஸான் அவர்களே! லுவைப்தா மலையின் இந்த மண்டபத்தை ஆண்டுதோறும் மனம் கோணாமல் திறந்துவிடும் மண்டபத்தாரே! பிள்ளைகள் செய்யும் தொழில் என்னவென்று இன்றுவரை பிடிபடாமலேயே அவர்களுக்காகக் கையேந்தி இறைஞ்சும் தாய்மார்களே! "என் மகன் நாளெல்லாம் திரையைப் பார்த்து முறைக்கிறான், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்" என்று வியக்கும் தந்தையரே! வலப்புறம் திரண்டிருக்கும் டேப் கட்சித் தளபதிகளே! இடப்புறம் இறுகிய முகத்தோடு அமர்ந்திருக்கும் இடைவெளிக் கட்சி இளவல்களே! இரு பக்கமும் சேராமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் ஒன்றிரண்டு புத்திசாலிகளே!

முன்வரிசையில் பெயர் எழுதி ஒட்டிய பின்னும் காலியாகக் கிடக்கும் அந்த ஒற்றை நாற்காலியே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லோர் மீதும் அமைதி தங்கட்டும்!

நான் ஹனாதி. மற்றவர்கள் எழுதிய கணினி நிரலைத் தட்டிப் பார்த்து, எந்த இடத்தில் உடைகிறது என்று சொல்வது என் தொழில். அதனால் நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் அங்கே இருப்பவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். இன்று மட்டும் என்ன, பாதிப் பேர் இப்போதே கைப்பேசியைப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை, பழகிவிட்டது.

செயலாளர் என்னை அழைத்தபோது, "தீர்மானத்தை வழிமொழியணும், அவ்வளவுதான். கொஞ்சம் சிரிக்க வெச்சுட்டு எறங்கிடுங்க" என்றார். சிரிக்க வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தத் தீர்மானத்தின் அடியில் ஒரு மரணம் கிடக்கிறது. அதை மூடிவைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பேன்? எப்படி உங்களைச் சிரிக்க வைப்பேன்?

தீர்மானம் என்ன? நம் நிரலாளர் மன்றத்தின் பொது நிரல்கள் அத்தனையையும் இனி ஓர் இயந்திரம் ஒரே சீராக வடிவமைக்கும். எங்கே இடம் விடுவது, எவ்வளவு விடுவது என்பதில் மனிதர் தலையிட மாட்டார். இதுதான் தீர்மானம். அதோ, "நாலு ஸ்பேஸ் வாழ்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கேட்டதப்பா, கேட்டது. கொஞ்சம் பொறு. இந்தப் பேச்சு முடிந்த பிறகும் உனக்கு அப்படிக் கத்தத் தோன்றினால், மேடையில் ஏறி இந்த ஒலிபெருக்கியிலேயே கத்து.

தாய்மார்களுக்காக இரண்டு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் நிரல் எழுதும்போது வரியின் தொடக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு எழுதுவார்கள். எந்த வரி எந்த வரிக்கு அடங்கியது என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. அந்த இடத்தை விட இரண்டு வழி உண்டு. டேப் என்ற விசையை ஒருமுறை தட்டலாம். இடைவெளி விசையை நான்குமுறை தட்டலாம். திரையில் என்ன வேறுபாடு தெரியும் என்று கேட்கிறீர்களா, அம்மா? ஒன்றும் தெரியாது! இதுவும் வெறுமை, அதுவும் வெறுமை! அந்த வெறுமைக்காகத்தான் வாதம்! அந்த வெறுமைக்காகத்தான் வீம்பு! அந்த வெறுமைக்காகத்தான் ஒரே அலுவலகத்தில், ஒரே அடுக்களையில், ஏலக்காய்க் காபிக்கு இரண்டு பாத்திரம்! நீங்கள் சிரிக்கிறீர்கள். நாங்களும் அப்போது சிரித்தோம்.

எங்கள் நிறுவனம் சின்னது. கீழே ரொட்டிக் கடை, மேலே நாங்கள். காலையில் ஸஅதர் மூலிகைப் பொடி தூவிய ரொட்டி வேகும் வாசனை படியேறி வந்துதான் எங்களை எழுப்பும். அங்கேதான் நிதாலும் சிரீனும் இருந்தார்கள். நடுவில் என் மேசை. இருவரும் ஒரே ஆண்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், ஒரே நாள் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே தட்டில் ஃபலாஃபெல் பிய்த்துத் தின்றவர்கள். நிதால் இடைவெளிக்காரன். சிரீன் டேப்காரி.

நிதாலின் பெயரைச் சொல்லலாமா என்று அவனிடமே கேட்டேன். "சொல்லு. மறைக்காதே. மறைச்சா நீ பேசுறதுல அர்த்தமே இல்ல" என்றான். இன்றைய தீர்மானத்தை முன்மொழிந்தவனும் அவன்தான். கதவருகே நிற்கிறான். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

அவர்கள் சண்டை ஆரம்பத்தில் அழகாகவே இருந்தது. அவன் பிறந்தநாளுக்கு அவள்தான் கேக் வாங்கிவந்தாள். பெட்டியைத் திறந்தால், அவன் பெயர் நடுவில் இல்லை. ஓர் ஓரத்தில் பெரிய வெற்றிடம், பிறகு வலக்கோடியில் நெருக்கி எழுதிய 'நிதால்'.

"என்னடி இது, கடைக்காரனுக்குக் கண்ணு தெரியலையா?"

"நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். முன்னாடி இடம் விட்டிருக்கேன் பாரு. டேப்பா, ஸ்பேஸா? எண்ணிச் சொன்னாத்தான் உனக்குத் துண்டு."

அவன் விரலால் கிரீமை வழித்து, "எண்ணிட்டேன், எல்லாம் வயித்துக்குள்ள போச்சு" என்றான். அலுவலகமே குலுங்கியது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு என்ன நடந்தது? நிர்வாகம் அவனைக் குழுத் தலைவனாக்கியது. அவளை ஆக்கவில்லை. அவள் அவனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவள் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தலைவனானதும் அவன் இட்ட முதல் ஆணை என்ன தெரியுமா? "இனி எல்லாரும் நாலு ஸ்பேஸ்." அவன் அதை ஒழுங்கு என்று நினைத்துச் சொன்னான். அவளுக்கு அது வேறாகக் கேட்டது. "நீ தோற்றாய்" என்று கேட்டது. அன்றிலிருந்து அந்த வெற்றிடத்துக்குள் பொறாமை குடியேறியது, புண்பட்ட மனம் குடியேறியது, வாய்விட்டுப் பேசாத வார்த்தைகள் வரிசையாக வந்து குடியேறின. சபையோரே, நாம் இடைவெளிக்காகச் சண்டையிடுவதாகச் சொல்லும்போதெல்லாம் உண்மையில் எதற்காகச் சண்டையிடுகிறோம்? வீட்டுக்குப் போய் ஒருமுறை யோசியுங்கள்.

எங்கள் நிரலின் வேலை உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான். முறை நாளில் மோட்டார் போட வேண்டும், மொட்டைமாடித் தொட்டியை நிரப்ப வேண்டும், அழுக்குத் துணி மொத்தத்தையும் அன்றே அலசிவிட வேண்டும். அந்த முறைக்கு முந்தைய நாள், "நாளை உங்கள் தெருவுக்குத் தண்ணீர்" என்று கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பும் நிரல் அது. சின்ன நிரல்தான். ஆனால் அந்தச் செய்தியை நம்பித்தான் ஒரு வாரக் குளியல், ஒரு வாரச் சமையல், ஒரு வார மானம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதியது அப்படியே உள்ளே போகாது. இன்னொருவர் பார்த்து, ஒப்புக்கொண்டு, பொத்தானை அழுத்த வேண்டும். நல்ல வழக்கம். நான்கு கண்கள் பார்த்தால் நாலு தவறு குறையும். எங்கள் குழுவில் அந்தப் பொத்தான் நிதாலின் கையில் இருந்தது.

ஒருநாள் சிரீன் ஒரு திருத்தம் அனுப்பினாள். மாற்றியது ஒரே ஒரு வரி. ஆனால் நிரல் எழுதத் தான் பயன்படுத்தும் மென்பொருளை, கோப்பைச் சேமிக்கும்போது அவனுடைய இடைவெளிகளை எல்லாம் டேப்பாக மாற்றும்படி வைத்திருந்தாள். ஆகவே என்ன ஆயிற்று? கணினிக்கு எல்லா வரியும் புது வரி! பழையது சிவப்பு, புதியது பச்சை. திரை முழுக்கச் சிவப்பு, திரை முழுக்கப் பச்சை. அந்தப் பெருங்கூட்டத்துக்குள் அவளுடைய ஒற்றை வரி எங்கோ சிக்கிக் கிடந்தது.

முன்வரிசைத் தம்பி ஒருவர் கையை உயர்த்துகிறார். "இடைவெளி மாத்தத்தை விட்டுட்டு, மாறின வரியை மட்டும் பார்க்கலாமே, அதுக்கு ஒரு பட்டன் இருக்கே!" என்கிறார். இருக்கிறது தம்பி. கையை இறக்கு. இந்தக் கதையே அந்தப் பொத்தானைப் பற்றியதுதான்.

அன்று வியாழக்கிழமை. அவர்கள் பேசியதை என் மேசையிலிருந்து முழுவதும் கேட்டேன். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்குக் காதை மூடிக்கொள்ள வழியில்லை.

"சிரீன், நீ அனுப்பினதைத் திருப்பிட்டேன்."

"பார்த்தேன்."

"ஒரு வரி மாத்தினேன்னு சொல்ற. ஃபைல் முழுக்கச் செவப்பும் பச்சையுமா இருக்கு. எந்த வரின்னு நான் எங்க போய்த் தேடுறது?"

"அதுக்குத்தான் பட்டன் இருக்குல்ல? இடைவெளியை விட்டுட்டுக் காட்டுன்னா காட்டும். அழுத்திப் பாரு."

"நான் ஏன் அழுத்தணும்? நீ சரி பண்ணி அனுப்பு. ரெண்டு நிமிஷ வேலை."

"உனக்கு ரெண்டு நொடி வேலை."

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சட்டம் போட்டது யாரு, ராஜாவா?"

அவன் விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நிதால், அது அவசரம்டா."

"அவசரம்னா சரி பண்ணு."

நான் அவள் பக்கம் சாய்ந்து, "ஏண்டி, இதுக்குப் போயா? சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போயேன்" என்றேன். "இன்னைக்கு இதுக்குக் குனிஞ்சா நாளைக்கு எல்லாத்துக்கும் குனியணும், ஹனாதி" என்றாள். பையை மாட்டிக்கொண்டாள். தெற்கே மஆன் ஊரில் சித்தி மகளுக்குக் கல்யாணம், போக வேண்டும். கதவருகில் நின்று, அவனுக்குக் கேட்கும்படி, "ஞாயித்துக்கெழமை வந்து வெச்சுக்கறேன் கச்சேரியை" என்றாள். அவன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் அனுப்பியதன் அடியில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான்: "முதலில் இடைவெளியைச் சரி செய்."

சபையோரே, வெள்ளி, சனி விடுமுறை கழிந்து அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் வரவில்லை.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது பாலைவனச் சாலையில் மணல் காற்று. விளக்கில்லாமல் நின்றிருந்த ஒரு லாரி. இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். அந்தச் சாலை இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் வீட்டில் ஆள் எடுத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

துக்க வீட்டில் வழக்கப்படி சர்க்கரை போடாத காபி கொடுத்தார்கள். எல்லோரும் குடித்தோம். நிதால் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கொடுத்தவர் வந்து திரும்ப வாங்கியபோது அது நிறைந்தபடியே இருந்தது.

மறுநாள் வேலைக்கு வந்தோம். வந்து, கணினியைத் திறந்தோம். திறந்ததும், எங்கள் எல்லோர் திரையிலும் ஒரே வரி.

"சிரீன் நிதாலின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறார்."

இயந்திரம் அனுப்பியது. யாருடைய வேலையாவது ஒப்புதல் இல்லாமல் தேங்கிக் கிடந்தால் ஒவ்வொரு காலையும் நினைவூட்டும்படி நாங்கள்தான் அதற்குச் சொல்லி வைத்திருந்தோம். அதற்கு மரணம் தெரியுமா? துக்கம் தெரியுமா? சொன்னதைச் செய்கிறது! மறுநாள் காலையும் சொன்னது: சிரீன் காத்திருக்கிறார். அதற்கு மறுநாளும் சொன்னது: சிரீன் காத்திருக்கிறார். மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவளை, மனசுக்குள் வைத்து மருகுகிறவனிடம், ஒவ்வொரு காலையும் அது சொன்னது: காத்திருக்கிறார், காத்திருக்கிறார், காத்திருக்கிறார்!

அப்போது எங்களோடு வேலை பார்த்த, இதோ இருக்கும் யஸான்தான் கடைசியில் வாய் திறந்தார். "நிதால், அது அவ எதுக்கு எழுதினதுன்னே தெரியல. மூடிடலாமா?"

"தொடாதே."

"அந்த நினைவூட்டலையாவது நிறுத்திடறேனே. எல்லாருக்கும் கஷ்டமா இருக்கு."

"தொடாதேன்னு சொன்னேன்ல!"

கத்திவிட்டு மாடிப்படிக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மூடினா அவ பேருக்குப் பக்கத்துல 'நிராகரிக்கப்பட்டது'ன்னு வரும், ஹனாதி. அதை என் கையால பண்ணச் சொல்றீங்களா?"

"அப்ப ஒத்துக்கிட்டுப் போயேண்டா."

"ஒத்துக்கிட்டா முடிஞ்சுபோச்சு. அப்புறம் அவ என்கிட்ட எதையும் கேட்டு நிக்க மாட்டா. இப்ப காலையில வந்தா, அவ காத்துக்கிட்டு இருக்கான்னு ஒருத்தர் சொல்றாங்க. அதை எப்படி நான் நிறுத்தறது?"

நான் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

அவன் அந்தத் திருத்தத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தால் முதலில் தெரிவது அவன் எழுதிய குறிப்பு அல்லவா? "முதலில் இடைவெளியைச் சரி செய்." ஒரு தோழிக்கு அவன் சொன்ன கடைசிச் சொல் அது! எங்களுக்கும் அதைத் திறக்கும் துணிவு இல்லை. எங்கள் செய்தியை நம்பியிருந்த ஜோஃபா மலையின் மேல்தெருக்களில் அந்த வாரங்களில் என்ன நடந்தது என்று நாங்கள் யாரும் அறியவில்லை. அங்கே இருப்பவர்கள் புகார் எழுதுவதில்லை. தண்ணீர் வரவில்லையென்றால் கேனை எடுத்துக்கொண்டு படி இறங்குவார்கள்.

பிறகு ஒரு நண்பகலில் சிரீனின் தாயார் வந்தார். ஒரே பிள்ளை பெற்றவர். ஆகவே அக்கம்பக்கத்தார் அவரை 'உம்மு சிரீன்' என்றே அழைப்பார்கள், சிரீனின் தாய் என்று. இப்போதும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவரைக் கூப்பிடும் ஒவ்வொருவரும் அவள் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மகளின் கோப்பையையும், நாற்காலி முதுகில் தொங்கிய கம்பளிச் சட்டையையும் எடுத்துப் போக வந்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். உள்ளங்கையில் குறுக்காகச் சிவந்த தழும்பு, தடித்துப்போயிருந்தது. கேட்கத் தோன்றவில்லை.

"இங்க நிதால்ங்கறது யாருப்பா?"

நிதால் எழுந்தான்.

"நீதானா அது? ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது உன்னைத் திட்டாம அவளுக்குச் சோறு எறங்காது. 'பிடிவாதக்காரன்மா, கழுதைம்மா'ன்னு திட்டுவா. திட்டி முடிச்சுட்டு, 'ஆனா அவன் ஒரு தடவை பார்த்துட்டான்னா தப்பே இருக்காதும்மா'ன்னும் அவளேதான் சொல்லுவா."

தாயார் நிதாலின் மேசைமேல் இருந்த திரையைப் பார்த்தார்.

"அவ கடைசியா என்ன பண்ணிட்டு இருந்தா? எனக்குக் காட்டு மகனே. புரியாட்டா பரவால்ல. பார்த்துட்டுப் போறேன்."

தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்தான். இத்தனை வாரம் தொடாததைத் திறந்தான். திரை சிவந்தது.

"ஏன்பா இவ்வளவு செவப்பு? எல்லாம் தப்பா?"

அந்தக் கேள்வியைக் கேட்டீர்களா, சபையோரே? "எல்லாம் தப்பா?" என்று கேட்டார் பெற்றவர். தன் பிள்ளை கடைசியாகச் செய்தது எல்லாமே தவறா என்று கேட்டார்! நிதாலின் கை தானாகப் போனது. எந்தப் பொத்தானை அழுத்தமாட்டேன் என்று அடம்பிடித்தானோ, எதை அழுத்தினால் தான் தோற்றதாகும் என்று எண்ணினானோ, அந்தப் பொத்தானை அழுத்தினான். வெற்றிடங்களை விட்டுவிட்டுக் காட்டு என்றான்.

சிவப்பு மறைந்தது. பச்சை மறைந்தது. நடுவில் ஒரு வரி நின்றது.

தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அந்த வரியில் நம் எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தார். "பர்கூக்... படிக்கட்டுத் தெரு..." எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இது ஜோஃபா மலையில எங்க தெருல்ல?"

நிதால் அந்த வரியை வாசித்தான். இரண்டாம் முறை வாசித்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"உங்க தெருவுக்குத் தண்ணி முறையை ஒரு நாள் முன்னாடி தள்ளியிருக்காங்கம்மா. எங்க நிரலுக்கு அது தெரியல. பழைய நாளையே சொல்லிக்கிட்டு இருந்துருக்கு. அவ அதைச் சரி பண்ணியிருக்கா."

"ஆமா. மெசேஜ் வர்றப்போ தண்ணி வந்துட்டுப் போயிருக்கும். கீழ் வீட்டுல கெஞ்சிக் கேன்ல பிடிச்சு, படியேறி வருவேன். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு. அவகிட்ட சொன்னேன். 'நான் பண்ணிட்டேம்மா, ஒருத்தன் பார்த்து ஒத்துக்கணும், அவ்வளவுதான்'னா." தாயார் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் மெசேஜ் சரியா வரலையேடின்னு அவளைக் கோவிச்சுக்கிட்டேன். அவ கல்யாணத்துக்குக் கெளம்பும்போதுகூட நான் முகம் கொடுக்கல."

ஏன் சிரீன் இதை அவனிடம் சொல்லவில்லை? "என் அம்மா தண்ணீர் சுமக்கிறாள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அந்த நொடியே அழுத்தியிருப்பான். சொல்லமாட்டாள். அம்மாவைக் காட்டி இரக்கம் வாங்க அவள் விரும்பவில்லை. வரி சரியானது, அதற்காகவே ஏற்கப்பட வேண்டும் என்று நின்றாள். அவன் ஏன் கேட்கவில்லை? "என்ன அவசரம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கேட்கமாட்டான். கேட்டால் இளகிவிடுவோம் என்று பயந்தான். அவளுக்கு வீம்பு, அவனுக்கு விதி! நடுவில் ஒரு தாய், தண்ணீர்க் கேனோடு படியேறிக்கொண்டிருந்தாள்.

நிதால் எழுந்து ஒப்புதல் பொத்தானின் மேல் விரலை வைத்தான். யஸான் மெல்ல, "அந்த இடைவெளி..." என்றார்.

"அப்படியே போகட்டும்."

"உன்னோட ஃபைல்லயாடா?"

"அப்படியே போகட்டும் யஸான். அவ எழுதின மாதிரியே."

அழுத்தினான். முகத்தைக் கைக்குள் புதைத்தான். அழுதான் என்று சொன்னால் அது சின்னச் சொல். தாயார் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு, "எழுந்திரு மகனே. உனக்குக் காபி போடத் தெரியுமா? எனக்கு ஒரு வாய் வேணும்" என்றார். இரண்டு பாத்திரங்களில் எதை எடுப்பது என்று தெரியாமல் அவன் அடுக்களையில் நின்றதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. அது சொன்ன நாட்களைவிட அந்த நாள் கொடியது. திரையின் முன்னால் நண்பகல்வரை அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ஆகவே, தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன். இயந்திரம் செய்யட்டும்! இடம் விடுவதை அது பார்த்துக்கொள்ளட்டும்! வெறுமைக்கு வேலி கட்டும் வேலையை அதனிடமே விட்டுவிடுவோம்! ஆனால் அன்பர்களே, இயந்திரம் வந்துவிட்டால் நம் வீம்பு போய்விடுமா? டேப் போனால் வேறொன்று வரும். பெயர் வைப்பதில் வரும், புள்ளி வைப்பதில் வரும். வரும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள். எதிரில் இருப்பவரைத் திருப்பி அனுப்பும் முன், "என்ன அவசரம்?" என்று கேளுங்கள். வாய்விட்டுக் கேளுங்கள்! ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாமல் கேளுங்கள்!

எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். எங்கள் நிறுவனம் அந்த நிரலை இந்த மன்றத்துக்கே கொடுத்துவிட்டது. நாளை இயந்திரம் அதன்மேலும் ஓடும். ஓடட்டும். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். மற்ற வரிகளுக்கு நடுவே அது கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயரைக் கணினி குறித்து வைக்கும்; அதன் மேல் அவள் பெயர் இருக்கிறது. நேராக்கினால் நேராக்கியவர் பெயர் வந்துவிடும். "ஒருத்தருக்கு மட்டும் விதிவிலக்கா?" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஆம் ஐயா, ஒருத்திக்கு மட்டும். உங்கள் சட்டம் அவளுக்காக ஒரு வரியளவு வளையட்டும்.

முடிக்கிறேன். அந்தக் காலி நாற்காலியை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். அதில் ஒட்டியிருக்கும் பெயர் உம்மு சிரீன். வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். இன்று காலை என்னை அழைத்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

"கோவிச்சுக்காதே மகளே. என்னால நேரத்துக்கு வர முடியாது. நேத்தே மெசேஜ் வந்துருச்சு, இன்னைக்குத் தண்ணி. என் பொண்ணு முன்கூட்டியே சொல்லியிருக்கா, தொட்டியை நிரப்பாம எப்படிக் கெளம்புறது? துணியும் அலசணும். முன்னாடி ரெண்டு பேர் துணி, பொழுது சாயற வரைக்கும் ஆகும். இப்ப ஒரு ஆள் துணிதானே. சீக்கிரம் முடிஞ்சுடும். முடிஞ்சதும் வந்துடறேன்."

அதனால் அந்த நாற்காலியை யாரும் எடுத்துவிடாதீர்கள். இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த தலைவர் அவர்களுக்கும், தாய்மார்களுக்கும், கதவருகே நின்றுகொண்டே கேட்டவனுக்கும் என் நன்றி. உங்கள் வீட்டுத் தொட்டிகள் நிரம்பட்டும். வணக்கம்.